கமராவுக்கு முதுகு காட்டிய படம்

பெப்ரவரி 19, வியாழன்

காலையில் பனி. முற்றம் கூட்டி முடியவில்லை, அக்காவின் மகன் மதன் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் படங்களோடு வந்து நிற்கிறான். ஊர்ச் சுவர்களில் கேலிப்படம் கீறுகிறவன். கண்காட்சிக்கு மண்டபம் பேசி வைத்திருந்தான். படங்களைக் கண்டதும் மண்டபக்காரர் கையை விரித்துவிட்டார்.

"உங்கடை ஹோலிலை மூண்டு நாள்தானே சித்தி. ஞாயிறு பின்னேரம் கழட்டிப்போடுவன்."

ஓம் என்றுவிட்டேன். என் வாய்தான் எனக்குச் சனி.

வீடு என்னுடையதா? சிவா அண்ணையுடையது. என் மனுசனின் பெரியம்மா மகன், கனடாவில். மனுசன் கண்மூடியபின் பதினொரு வருடமாக நானும் மகளும் பின் அறையில். வீட்டைப் பார்ப்பதற்காக இருக்க விட்டிருக்கிறார். ஹோலில் கமரா. அங்கிருந்து போனில் பார்ப்பார். போன மாதம் ஒரு கதிரை இடம் மாறியதற்கே கேள்வி.

அவரிடம் சொன்னது: "பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை படக் கண்காட்சி அண்ணை." முழுப்பொய்.

"சுவரிலை ஆணி அடிக்க விடாதேயும் பிள்ளை."

வாங்க: தேயிலை, நுளம்புத்திரி, செருப்பு விட ஒரு சாக்கு.

பெப். 20, வெள்ளி

சரியான வெக்கை. கதிரைகளில் சாத்தி, கமராவைப் பார்த்தபடி சாதுவான படங்கள். ஒலிபெருக்கிக்குப் பயந்து காதைப் பொத்தும் பிள்ளையார். சாமத்திய வீட்டில் பெரியபிள்ளையான பெட்டையை மறைத்து நிற்கும் ஏழு படப்பிடிப்பாளர்.

மூன்றாவதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரிய மாடிவீடு, சாப்பாட்டு மேசை, கதிரையில் ஒரு கமரா தனியாக. பக்கத்தில் ஒரு பெண் அதற்குச் சோறு போடுகிறாள். பச்சை நைட்டி. என்னுடையது.

"உது நானோடா?"

"படம் சித்தி, படம்."

கோபம். அழுகையும். பதினொரு வருடம் இதைத்தான் செய்தேனா?

அதை மட்டும் கமராவுக்கு முதுகு காட்டி வைத்தேன்.

பெப். 21, சனி

மழைக்குணம், மழை இல்லை. நல்ல சனம். புத்தூரிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும்கூட. எல்லாரும் மூன்றாவது படத்தடியில்தான்.

"எங்கடை ஒழுங்கையிலை மட்டும் உப்பிடிக் கமரா குடியிருக்கிற நாலு வீடு!" என்றார் ஒருவர்.

ஒரே சிரிப்பு. படம் முதுகு காட்டினால் பார்க்கிறவர்களின் முகம் கமராவுக்குத்தானே தெரியும். அதை யோசிக்கவில்லை, மொக்கு.

மகள்: "றவுட்டரை நிப்பாட்டுவமே அம்மா?" நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் சிவா அண்ணையின் போன், கமரா ஏன் வேலை செய்யவில்லை என்று. அங்கே விடியப்புறம். இந்த மனுசன் நித்திரையே கொள்வதில்லையா? "கரண்ட் நிண்டுட்டுது அண்ணை." றவுட்டரைத் திரும்பப் போட்டேன்.

உலை வைக்க மறந்துவிட்டேன். பாணும் சம்பலும்.

பெப். 22, ஞாயிறு

பத்து மணிக்குப் போன்.

"பிள்ளை, அந்தப் படத்திலை என்ன கிடக்கு? எல்லாரும் சிரிக்கினம்."

"சும்மா... சின்னப் பிள்ளையள் கீறினது அண்ணை."

"இஞ்சாலை ஒருக்காத் திருப்பி வையும், பாப்பம்."

படத்தைத் திருப்பினேன். அந்தப் பச்சை நைட்டியோடுதான் நின்றேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

போனை வைத்துவிட்டார்.

பின்னேரம் மதன் படங்களை ஏற்றிப் போனான். அவனுக்கென்ன, நல்ல சந்தோசம்.

எங்கே போவது? அக்கா வீட்டில் இடமில்லை. மகளுக்கு ஓகஸ்டில் பள்ளிக்கூடச் சோதனை. கொண்டுபோக: கட்டில், தையல் மெசின், அவளின் புத்தகங்கள். சாமிப்படம்.

பெப். 23, திங்கள்

பனி. ஹோல் கூட்டிக்கொண்டிருக்கையில் போன்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் கெஞ்சியிருக்கலாம்.

"நல்லாத்தான் கீறியிருக்கிறான் பிள்ளை. ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை. என்ரை பிள்ளையள் ஒருதரும் அங்கை வந்து இருக்கப்போறதில்லை. கமராவுக்கு என்னத்துக்கு வீடு? விக்கப்போறன். சித்திரைக்குள்ளை வேறை இடம் பாரும்."

"ஓம் அண்ணை" என்றேன். குரல் மாறாமல்தான் சொன்னேன்.

"அழாதேயும் பிள்ளை. இஞ்சை தெரியுது."