யானைக்கோட்டைப் பலகைகளை எரிக்கவேண்டாம்

நலமே பெருகுக. வெண்ணாவல் நாட்டுப் பேரரசர் பெருநற்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் மதியூரன், அலைவாய்த்துறைக் கோட்டைத் தலைவர் எயிலங்கிழாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்களும் கலங்கரை விளக்கும் குறைவின்றி விளங்குக.

அல்லியங்கோதை என்பாள் செய்த யானைக்கோட்டை ஆட்டப் பலகைகளையெல்லாம் திரட்டித் துறைமுற்றத்தில் எரிக்கும்படி முன்னோலையில் பணித்திருந்தோம். அவ்வாட்டம் நெடுவேளாரின் தந்தை படைத்தது; வேறெவரும் செய்யலாகாது என்று செப்புப்பட்டயமும் உண்டு. வேளார் மனையினரோ அதைச் செய்வதை விட்டுப் பல்லாண்டு ஆயிற்று. பழைய பலகைகளைக் கறையான் தின்றுவிட்டது. சிறுவயதில் ஆடிய ஆசை விடாமல், கோதை அதைப் புதிதாகச் செதுக்கிக் கேட்டவர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தாள். வேளார் கொதித்தெழுந்து முறையிட்டார். பட்டயம் பட்டயம்தானே, நாமும் எரிக்கச் சொன்னோம். அவள் தலைநகருக்கே ஓடிவந்து அரசரிடம் முறையிட்டாள்.

இத்தகைய வழக்கில் இருவரும் அவையில் எதிரெதிரே அமர்ந்து அவ்வாட்டத்தையே ஆடிக் காட்டவேண்டும் என்ற வழக்கத்தை நீர் அறிவீர். ஆடினார்கள். பழைய ஆட்டத்தில் கடைசி யானை கோட்டைவாயிலில் சிக்கிக்கொள்ளும், எவரும் வென்றதில்லை. தந்தையோடு ஆடிய நாளிலெல்லாம் வேளாரும் வாயிலோடு நின்றவரே. கோதை அங்கே ஒரு கட்டத்தைக் கூட்டியிருந்தாள். அவ்வழியே வேளாரின் யானை உள்ளே புகுந்தது. வழக்காட வந்தவர் அதையே மறந்து எழுந்துநின்று, அப்பா இருந்து பார்த்திருக்கவேண்டும் என்று சொல்லித் தேம்பிவிட்டார்.

பலகைதோறும் தந்தையின் பெயரைப் பொறிக்கவேண்டும், விற்கலாகாது என்று மட்டும் கேட்டு வேளார் முறையீட்டைத் திரும்பப் பெற்றார், அரசரும் இசைந்தார். கோதை மகிழவில்லை. முகம் வெளுத்து, எரித்தாயிற்றா என்று கேட்டாள். முன்னோலை போய்ச் சேர்ந்திருக்குமே என்று நாமும் அஞ்சினோம். அவ்வேளை உம் தூதன் வந்து, விறகு ஈரமாதலால் எரிப்பது தள்ளிப்போகிறது என்றான். அவள் அவைநடுவே அப்படியே உட்கார்ந்து அழுதாள். நமக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

கடுங்கோடையில் விறகு எப்படி ஈரமாயிற்று என்று அரசர் வினவ, தூதன் தலையைச் சொறிந்து, கோட்டையில் எல்லோரும் அந்தப் பலகைகளில்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று உண்மையைக் கக்கிவிட்டான். அரச ஆணையைத் தாழ்த்தியது குற்றமே. அரசர் சிரித்துவிட்டதால் பிழைத்தீர்.

ஆகவே, இவ்வோலை கண்டவுடன் எரிப்பதைக் கைவிட்டு, கோதை திரும்பியதும் பலகைகள் அனைத்தையும் அவளிடம் ஒப்படைக்க. இது ஆணை. அரச முத்திரை இட்டோம்.

முத்திரைக்குக் கீழே ஒரு சொல். உம் படுக்கையறையிலும் ஒரு பலகை இருக்கிறதாம். அதில் உம் மனைவியார் வெல்லும் நிலையில் இருக்கிறாராம். அந்த ஆட்டம் முடியட்டும், கலைக்கவேண்டாம் என்று கோதை சொல்லியனுப்புகிறாள்.