அவள் வாயில் உங்கள் குரல்

போன வாரம் உங்கள் மகள் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் காடி வாடை. பிலிம் சுருள் வெகுகாலம் மூடிக் கிடந்தால் இப்படித்தான் புளித்துப்போகும் என்று விளக்கினேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாவோட மாஸ்டர்பீஸ், மாமா" என்றாள். வாடையை வைத்து நானும் அப்படித்தான் ஊகித்திருந்தேன்.

உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். உங்கள் படங்களுக்கு வர்ணனை எழுதியவன் என்பதால் என்னிடமும் கேட்டாள். "நல்லதா நாலு வரி இருந்தா போறும்." யோசித்தேன். நீங்கள் எங்கும் நேரம் தவறியதில்லை. உங்கள் கதர் ஜிப்பாவில் கசங்கலை யாரும் கண்டதில்லை. எங்களில் எவரையும் காப்பி வாங்கித் தராமல் வீட்டுக்கு அனுப்பியதில்லை. மூன்று வரி தேறிவிட்டது. நாலாவது வரி உங்கள் படத்தில் வந்தவர்களைப் பற்றியது. அது மலருக்கு ஆகாது. ஆகையால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தியேட்டரில் பெரிய படம் தொடங்குமுன் அரசாங்கம் தரும் சிறு படம் ஒன்றைப் போட்டே தீரவேண்டும். ஜனங்கள் அந்த நேரத்தை வெளியே நின்று பீடி பிடிக்கப் பயன்படுத்தினார்கள். நீங்கள் அதற்கு மக்கள் கலை என்று பெயர் வைத்திருந்தீர்கள். வேலை செய்யும் முறையும் எளிமையானது. முதலில் ஊமையாகப் படம் பிடிப்பது. பிறகு சாவகாசமாகத் தியாகராய நகர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, வீணை இசையையும் வெண்கலக் குரலையும் மேலே பூசுவது. "காமிரா பொய் சொல்லாது, ஓய்" என்பீர்கள். உண்மைதான். அந்த வேலைக்கு நீங்கள் இருந்தீர்கள்.

அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றிவிட்டு, அங்கிருந்தவர்களைக் கொட்டிவாக்கத்துக்கும் அப்பால் மணல்வெளியில் கட்டிய வீடுகளுக்கு அனுப்பப்போவதைப் பற்றிப் படம் எடுக்கும் வேலை நமக்கு வந்தது. இப்போது என் மேஜைமேல் புளித்துக் கிடக்கும் சுருள் அதுதான். கரையில் இறங்கிக் காமிராவை நிறுத்தியதுமே கன்னியம்மா எதிரே வந்து நின்றாள். அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்தவள்; மைலாப்பூரில் எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்கிறவள். நம் காமிரா வரும் என்று தெரிந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, கெட்டிக்கரைப் புடவை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவள்போல இருக்கிறாளே என்று நீங்கள் முகம் சுளித்தீர்கள். உங்களுக்குக் கிழிசல் வேண்டியிருந்தது.

"நைனா, இதுல பேசனா மந்திரி காதுக்குப் போவுமா?" என்று கேட்டாள்.

"போகும், போகும். தைரியமா பேசும்மா" என்றீர்கள்.

ஒலிப்பதிவுக் கருவி தேனாம்பேட்டை அலுவலகத்து அலமாரியில் இருந்தது. சினிமாவில் எல்லாரும் பேசுவதைப் பார்த்திருந்தவள், காமிராவுக்குக் காதும் உண்டு என்று நம்பிவிட்டாள். பேசினாள்.

"கல்லு வூடு தராங்களாம், சரி. அங்கேர்ந்து வெடிகாலைல மைலாப்பூருக்கு எப்டி வர்றது? பஸ்ஸு கீதா? நீ வந்து இட்டுக்கினு போவியா? வேலை போச்சுன்னா அந்த வூட்ல குந்திகினு செவுத்தையா துன்றது? குடுக்கறதுன்னா இங்கயே குடு. நாங்க போவமாட்டோம்னு அவராண்ட சொல்லு!"

காமிராமேன் உங்களைத் திரும்பிப் பார்த்தான். நீங்கள் என் காதோடு சொன்னீர்கள்: "ஓட விடச் சொல்லும். கை என்னமா ஆடறது பாரும்."

சுருள் தீரும்வரை பேசினாள். முடிந்ததும் உங்களைக் கும்பிட்டாள். நீங்களும் கும்பிட்டீர்கள். அந்தக் கும்பிடையும் படம் பிடிக்காமல் போனோமே என்று காரில் வரும்போது வருத்தப்பட்டீர்கள்.

அவள் சொன்னதை அப்படியே வர்ணனையில் எழுதிக்கொடுத்தேன். ஸ்டூடியோவில் நீங்கள் அதை அடித்துவிட்டு, உங்கள் கைப்பட ஒரு வரி எழுதி வெண்கலக் குரல்காரரிடம் நீட்டினீர்கள்.

"சார், அவ சொன்னது இது இல்லை" என்றேன்.

"அவ சொன்னது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உமக்குத் தெரிஞ்சா போறுமே, ஓய். ஊருக்கெல்லாம் எதுக்கு?"

படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டு உங்கள் பெயரை இன்னொரு முறை போட்டுக்கொண்டீர்கள்.

மந்தைவெளிப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் படம் வந்தபோது ஜனங்களின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று என்னையும் இழுத்துப்போனீர்கள். அன்று வெளியே பீடி பிடிக்க ஆளில்லை. கன்னியம்மா சொல்லிச் சொல்லி, ஆற்றங்கரையே வந்து பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. தாங்கள் சொன்னது இன்று ஊருக்குக் கேட்கும் என்று வந்தவர்கள்.

திரையில் அவள் வந்தாள். விசில் பறந்தது. அவள் வாய் திறந்தது. வெண்கலக் குரல் முழங்கியது: "புதிய இல்லம் காணும் பூரிப்பில் இத்தாய் நாத்தழுதழுக்க நன்றி நவில்கிறாள்!"

"இன்னாக்கா, தொண்ட கட்டிகிச்சா? ஆம்பள கொரல் வருது!" என்று யாரோ கத்த, கொட்டகை சிரித்தது.

கன்னியம்மா எழுந்து நின்றாள். "டேய், அது நான் இல்லடா! நான் நன்றியே சொல்லல! யோவ் ஆப்பரேட்டரு, நிறுத்துய்யா!"

"குந்தும்மா, படம் போடப்போறான்!"

அவள் உட்காரவில்லை. திரையில் தன் கை உயர்ந்தபோது இங்கேயும் கையை உயர்த்தி, அன்று கரையில் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸு கீதா என்று இவள் கேட்ட அதே கணம் திரையில் இருந்தவள் வாயும் அதையே கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் படங்களில் வாயும் சொல்லும் பொருந்தியது அந்த ஒருமுறைதான். அதற்குள் டார்ச் லைட்டுடன் வந்தவர் அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்.

நீங்கள் என் தொடையில் தட்டினீர்கள். "பாத்தீரா, ஜனங்களை எப்படித் தொட்டுடுத்து நம்ம படம்!"

மழைக்காலம் முடிந்ததும் ஆற்றங்கரை காலியாயிற்று. மறு மாதம் எங்கள் தெருவில் அவள் வேலை பார்த்த வீட்டில் வேறொருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கன்னியம்மாவா? அவ்ளோ தூரத்துலேர்ந்து எப்படி சார் வருவா?" என்றார் வீட்டுக்காரர். அந்தச் சமயத்தில்தான் உங்களுக்கு மைலாப்பூர் சபா ஒன்றில் பொன்னாடை போர்த்தினார்கள். மக்களின் குரல் என்று உங்களைப் பாராட்டினார்கள். நீங்கள் மறுக்கவில்லை.

இறந்தவர்மேல் கோபம் கூடாது என்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு வசதி அமையவில்லை. உங்களை மன்னிக்க வேண்டியவள் அந்த மணல்வெளியில் எங்கோ இருந்தாள். அவளுக்காக நான் வர்ணனை சொல்லக்கூடாது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். தொலைக்காட்சியில் விவரணப் படம் ஓடும்போது, வெள்ளத்திலோ வறட்சியிலோ நிற்கும் ஒருத்தி கையை ஆட்டிப் பேச, அவள்மேல் வேறொரு குரல் வந்து உட்கார்ந்தால், நான் ஒலியை நிறுத்திவிடுவேன். அந்த வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சத்தமே இல்லாம என்னத்தைப் பாக்கறேள்?" என்று உள்ளேயிருந்து கேட்பாள் என் மனைவி.

"பாக்கலை. கேட்டுண்டிருக்கேன்" என்பேன்.