நான் காட்டிய குழாய்

ஏனுங்க,

இன்று காலை நாச்சிமுத்து அண்ணன் வந்து உங்கள் காபி மெஷினைக் கழற்றினார். நீங்கள் போன பிறகு ஒன்றரை வருஷமாக ஒரு துண்டைப் போட்டு அதை மூடி வைத்திருந்தேன். சிங்காநல்லூர் பட்டறையில் உங்களோடு இருபது வருஷம் பம்ப் செய்தவர். அவரைத் தவிர வேறு யாரையும் அதைத் தொடவிட எனக்கு மனசு வரவில்லை. பாய்லரைத் திறந்து தட்டினார். விரித்த பேப்பரில் பொலபொலவென்று வெள்ளையாக உப்புப் பொருக்கு கொட்டியது. அதைப் பார்த்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது என்னால் வந்த உப்பு. உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். நீங்கள் இருந்தவரை அதை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நம் தெருவுக்குக் கேபிள் டிவி வந்த வருஷம். வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு மோட்டார் ரிப்பேருக்குப் போன நீங்கள், அங்கே வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்த இந்த மெஷினோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். பித்தளை பாய்லர், பக்கத்தில் நீளமாக ஒரு கைப்பிடி. அதை மேலே தூக்கி மெல்ல அழுத்தினால் கெட்டியாகக் காபி இறங்கும். "இதென்னங்க, அடிபம்பையா ஊட்டுக்குள்ள கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

ஒரு காபிகூடப் போடும் முன்பே அதில் ஒரு தொல்லையைக் கண்டுபிடித்தீர்கள். நாலு டம்ளர் போட்டதும் தண்ணீர் தீர்ந்துவிடும். சூடு ஆறி ஆவி அடங்கினால்தான் மூடியைத் திறந்து மறுபடி ஊற்றலாம். விருந்தாளி வந்தால் பாதிப் பேர் காத்துக் கிடக்க வேண்டும். "கொழாத் தண்ணிய நேரா இதுக்குள்ள உட்டுப்போட்டா முடிஞ்சுது" என்றீர்கள். மாடித் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கினால் உள்ளே இருக்கும் ஆவியை எதிர்த்துப் போகாதாம். அதற்காகக் கைக்கு அடக்கமாக ஒரு குட்டி பம்பே பட்டறையில் செய்தீர்கள். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு வால்வு. மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடுப்படியே இல்லை.

கடைசி நாள் சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டீர்கள்: "அம்மணி, இங்க ரெண்டு கொழா வருதே, சிறுவாணி எது?"

நான் வலது பக்கக் குழாயைக் காட்டினேன். அது உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர்; தித்திக்கும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் இடது பக்கம்.

காங்கேயத்து மேட்டாங்காட்டில் பிறந்தவள் நான். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு காடு தாண்டி நடந்தவள். அந்தக் கோடையில் சிறுவாணி வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தது. குடத்திலும் சொம்பிலும்கூடப் பிடித்து மூடி வைத்திருந்தேன். அதை ஒரு மெஷின் குடிக்கப் போகிறது என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மூன்று வாரம் முதுகு நோக வேலை செய்த உங்களிடம் முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. வீட்டுத் தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. எது எந்தக் குழாய் என்று அதுவரை நீங்கள் கேட்டதே இல்லை.

முதல் காபியை ஒரு வாய் குடித்தீர்கள். டம்ளரைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "ஜம்முன்னு இருக்குது அம்மணி" என்று மிச்சத்தையும் குடித்தீர்கள். நானும் குடித்துப் பார்த்தேன். சப்பென்று, நாக்கில் ஒரு கரிப்பு. நல்லவேளை, ருசி தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பாவி நான்.

அப்புறம் நாலு வருஷம். மாதம் ஒரு ஞாயிறு எலுமிச்சம்பழம் பிழிந்து பாய்லரை ஊறவைத்துச் சுரண்டுவீர்கள். "இப்பெல்லாஞ் சிறுவாணியிலயே உப்பு சேந்துபோச்சாட்ட இருக்குது" என்பீர்கள். "ஆமாங்க, காலங் கெட்டுப்போச்சு" என்று நானும் கூசாமல் ஒத்து ஊதினேன்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், "நம்மூட்டு மெஷின் காப்பி ரெண்டு முழுங்கு கொண்டா புள்ள" என்றீர்கள். டாக்டரும் சரி என்றார். வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் நின்றேன். அன்று நல்ல தண்ணீர்த் தொட்டி நிறைந்து கிடந்தது. மூடியைத் திறந்து ஒரு சொம்பு ஊற்றியிருக்கலாம். ஊற்றினால் ருசி மாறும். மாறினால் கேட்பீர்கள். கேட்டால் பொய் வெளியே வந்துவிடும். அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. உப்புத் தண்ணீர்க் காபியையே பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு முழுங்கு குடித்துவிட்டு என் கையைத் தட்டிக் கொடுத்து, "போதுங் கண்ணு" என்றீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

இன்று பொருக்கைத் துடைத்துக்கொண்டே நாச்சிமுத்து அண்ணன் கேட்டார்: "ஏனுங் அம்மணி, இப்பவாச்சும் நல்ல தண்ணிக்கு மாத்திப்போடட்டுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பவாச்சும்னா என்னங்ண்ணா?"

"மொத வாயிலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. மக்யா நாளு காலையில பட்டறைக்கு வந்ததுமே சொல்லிச் சிரிச்சாரு. நான் வந்து மாத்திக் குடுக்கறேன்னேன். 'வேண்டாம்ப்பா, அவ தண்ணிக்கு அலஞ்சு வளந்த புள்ள. கேட்டா மூஞ்சி சுருங்கிப்போகும், உடு'ன்னு சொல்லிப்போட்டாருங்க."

நாலு வருஷங்க! என் மூஞ்சி சுருங்கக் கூடாதென்று அந்தக் கரிப்பைத் தினமும் குடித்தீர்களா? "ஏம் புள்ள இப்படிப் பண்ணுன?" என்று ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? அழுதுவிட்டு அன்றைக்கே மாற்றச் சொல்லியிருப்பேனே. ஆஸ்பத்திரியில் என் கையைத் தட்டிக் கொடுத்தபோதும் தெரிந்தேதான் தட்டினீர்களா? இனி யாரைக் கேட்பேன்?

அண்ணனை மாற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார். வீட்டில் நான் மட்டும். கைப்பிடியைத் தூக்கி, நீங்கள் செய்வதுபோல் மெல்ல அழுத்தினேன். காபியின் மேல் பொன்னிறமாக நுரை கட்டி நின்றது. நம் வீட்டில் அந்த நிறத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாய் குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்ததுங்க.

அது நன்றாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. இந்த மெஷினில் இப்படி ஒரு காபி வரும் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அதை வைத்துக்கொண்டு நான் இருக்க வேண்டும்.