அப்பா நிரப்பிய படிவம்

அப்பா,

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான், மறக்காதீர்கள். பத்து மணிக்குக் குழாய்க்காரர் வருவார், சமையலறையில் ஒழுகுகிற இடத்தைக் காட்டுங்கள்.

என் சபை உறுப்பினர் படிவத்தை நேற்று போதகர் என்னிடம் காட்டினார். "எப்போது விசுவாசத்துக்குள் வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு நீங்களே "பிறந்ததிலிருந்து, நாலு தலைமுறையாக" என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்கு உண்மையான பதில் இல்லாமல்தான் மூன்று மாதமாக அதை இழுப்பறையில் வைத்திருந்தேன். உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். "நம்ம குடும்பத்துல இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?" என்று சிரித்தீர்கள். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

தாத்தாவின் மூக்கு எனக்கு அப்படியே வந்திருக்கிறது. அவருடைய விசுவாசம் அப்படி வராது, அப்பா. அது தேவன் கொடுக்க வேண்டியது. படிவத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தேவனிடம் அந்த விசுவாசத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைக்கிற அன்றைக்கு முதலில் உங்களிடம்தான் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இனி போதகர் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.