என் ரத்தத்தில் உறங்குகிறவருக்கு

என் அன்பான ஜெனிட்டா அப்பாவுக்கு,

செத்தும் என்னை விட்டுப் போகாத மனுசன் நீங்கள். இதைத் திட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறையில் உங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கி நான்கு வருடமாகிறது. நீங்கள் கொடுத்த எச்.ஐ.வி. இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

மாத்திரை போடுவதால் ரிப்போர்ட்டில் கிருமி தெரிவதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் வந்தது. "ரிப்போர்ட்லயே ஒண்ணுமில்ல, பெறகு மாத்திரை எதுக்குட்டி?" என்று நிறுத்திவிட்டீர்கள். அது எங்கேயும் போகவில்லையாம், சில அணுக்களுக்குள் தூங்குகிறதாம். டாக்டரம்மா இப்போதுதான் புரியும்படி சொன்னார். காய்ச்சல் வந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றையொன்று கூப்பிட ஏதோ சுரக்குமாம், சைட்டோகைன் என்று பெயர். நீங்கள் மீன்பிடிக்கப் போன கடலில் வயர்லெஸ்ஸில் ஒருவர் கத்தினால் எல்லாப் போட்டுக்கும் கேட்குமே, அப்படி. அந்தக் கூப்பாடு தூங்குகிறதையும் சிலசமயம் எழுப்பிவிடும். மாத்திரை இருந்தால் எழுந்தாலும் பரவாது. வேறு சில கூப்பாட்டுக்கு அந்த அணுக்கள் கிருமியை எழுப்பாமலே பெருகுமாம். தூங்கிக்கொண்டே பெருகுவதா?

போன வாரம் கடும் காய்ச்சல். லம்பா லைன் பகுதியில் நம் வீட்டில் பட்டப்பகலில் படுத்திருந்தேன். அடுத்த அறையில் நீங்கள் இருமினீர்கள். உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா? மறுநாள் அதே இருமல் என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. எழுந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். பயந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமும் பட்டேன். மாத்திரை போட்டால் உங்களை அடக்கிவிடுவேனே என்று மூன்று நாள் தலையணைக்கு அடியில் ஒளித்தேன்.

படுக்கையை உதறும்போது ஜெனிட்டா பார்த்துவிட்டாள். மருந்தை இன்னும் இந்தியில்தான் சொல்கிறாள்.

"தவாய் ஏம்மா சாப்பிடல?"

"அப்பா முழிச்சிட்டாவட்டி."

அவள் மாத்திரைகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது அப்பா இல்லம்மா. அப்பாவைக் கொன்னது அதுதான்."

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார், உடனே மாத்திரையைத் தொடங்கவைத்து ரத்தம் எடுத்தார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல் மட்டும் கேட்கிறது, இதை எழுதும்போதும். நீங்கள்தானா? இல்லை, உங்கள் குரலைக் கற்றுக்கொண்ட வேறொன்றா?

யாராக இருந்தாலும் இனி நான் பதில் கொடுக்கமாட்டேன். ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை போடுவேன், இது சத்தியம். உங்கள்மேல் அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைக்கு மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். கூப்பிடாதீர்கள்.

உங்களுக்குப் பின்னும் வாழப்போகிற உங்கள் மனைவி,
பிலோமினா