கேட்காமல் போட்ட பெயர்

மார்ச் 4

என் கோபக்காரிக்கு,

சௌக்கியமா? நீ வேறு ஊர்க் கல்லூரிக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு நல்ல செய்தி. நாம் பாதியில் விட்ட கரியமில வாயு ஆய்வை நானே முடித்து அனுப்பினேன். கட்டுரை அச்சாகிவிட்டது! உன் பெயர்தான் முதலில். திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

வீட்டுக்காரருக்கு,

சௌக்கியமெல்லாம் அப்புறம். யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டீர்கள்?

லேசரால் அதிரவைத்த மூலக்கூறு தன் இனத்தோடு ஏறக்குறைய ஐம்பதாயிரம் தடவை மோதினால்தான் அதன் அதிர்வு அடங்கும் என்று நாலு வருஷம் உட்கார்ந்து அளந்து, முன்பே அச்சிலும் போட்டவள் நான். நீங்கள் இருபதாயிரம் போதும் என்கிறீர்கள், அதுவும் என் பெயரில்! இங்கே ஆசிரியர் அறையில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்கிறாள்: “என்னக்கா, உங்க கணக்கு தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்களா?” முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வாயுவை அடைக்கும் முன் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினீர்களா, இல்லையா? உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுக்கும் பம்பு ஓடும்போதே சுட வைத்தால்தான் சுவரில் ஒட்டிய ஈரம் போகும். வாயு மூலக்கூறுகள் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு அதிர்வு குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். நீராவி கொஞ்சம் கலந்தால் போதும், சில டஜன் மோதலிலேயே அதிர்வைப் பிடுங்கிக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் மனைவி

மார்ச் 15

கோபக்காரிக்கு,

அவனவன் மனைவி பெயரை விட்டுவிடுகிறான், நான் முதலில் போட்டது குற்றமா? சூடாக்கவில்லைதான். குழாயைச் சுற்றிய சூடேற்றும் கம்பி எரிந்துபோயிருந்தது, மாநாடும் நெருங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க பம்பை ஓட்டினேன். துளி ஈரத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 20

துளி ஈரமாம், துளி ஈரம்! வயிறு எரிகிறது எனக்கு. ஊரில் என்னை நம்பி என் எண்ணை எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பியை மாற்றுங்கள், சுட வையுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். அந்த எண்ணோடு என் பெயர் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

ஏப்ரல் 6

என் கோபக்காரிக்கு,

நீயே ஜெயித்தாய். குழாயைச் சுட வைத்து அளந்தேன், ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். “தவறு முழுக்க என்னுடையது, என் மனைவிக்கு இந்த ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாது” என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் ஒரு பழியும் வராது. இனி நிம்மதியாக வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 25

எனக்கா? எதுவும் தெரியாதா? அந்தக் குழாயை ஊதித் தரச் சொல்லிக் கண்ணாடி ஊதுகிறவருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததே நான்தானே! பழி வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெயரைப் போடும்போதும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை. நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று இன்னும் உங்களுக்குப் புரியவே இல்லை.

நானும் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முன்பு நான் எடுத்த அளவுகளை வைத்து, அந்த இருபதாயிரம் எப்படி வந்தது என்று விளக்கியிருக்கிறேன். அச்சில் போடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

உங்கள் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உங்களைக் கேட்காமல் போடுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
எதுவும் தெரியாதவள்