ஒன்பதாவது வார்டு கரும்பலகை

ஆலங்கேணி,
12.11.2006

அன்புள்ள துர்காவுக்கு,

பியூலா அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம்.

நாலு தெரு தள்ளி இருக்கிறவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. இந்த வாரத்தில் மூன்று தடவை வந்து உன் வீட்டு வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். மூன்று தடவையும் உன் வீட்டுக்காரர்தான் வெளியே வந்தார். "மேடம் பிஸியா கீறாங்க. இன்னா விஷயம்னு என்னாண்ட சொல்லுங்கக்கா" என்றார். கட்டிய பெண்டாட்டியை மேடம் என்கிற மனுஷனிடம் நான் என்னத்தைச் சொல்ல? போன் பண்ணினாலும் அவர் சட்டைப் பையில்தான் மணி அடிக்கிறது. அதனால் மீன்காரப் பொன்னியம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நெத்திலி வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

நீ கவுன்சிலராக ஜெயித்தது அறுபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். அந்த அறுபத்தொரு பேரும் எதற்காகப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியும். போன வருஷ மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஜனங்கள். தாங்கல் ஏரியைத் தூர்க்க விடமாட்டேன் என்றாய். மன்றத்தில் எதற்குக் கை தூக்கினாய் என்று மாதம் தவறாமல் என் காம்பவுண்டுச் சுவரில் எழுதிப்போடுவோம் என்றேன் நான். கரும்பலகை வாங்கிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் எழுதுவேன்.

என் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது உன் தேர்தல் நடந்த இருபது நாள்தான். இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தேன். இப்போது எனக்கு ஒரு பேச்சுக்கு வழியில்லை. நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுது.

உன் அக்கா,
பியூலா


3.12.2006

என் பாசமுள்ள பியூலா அக்காவுக்கு,

துர்கா நமஸ்காரம். கடிதத்தை அடுப்படியில் நின்று நாலு தடவை படித்தேன். வாசலில் நீங்கள் வந்தது எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?

மன்றத்தில் எதற்குக் கை தூக்கினாய் என்று கேட்கிறீர்கள். அங்கே பாதாம் பால் டம்ளரைத் தூக்குவதோடு சரி. தலைமை எழுத்தர் தீர்மான எண்ணை மட்டும் வாசிப்பார். தலைவர் "இன்னாம்மா, ஓகேதானே?" என்பார். மிக்சர் வரும், கூட்டம் முடிந்துவிடும். எங்களில் ஐந்து பேர் பெண்கள். நாங்கள் பஸ்ஸுக்கு அவசரப்படுவோம் என்று கையெழுத்துப் புத்தகம் சாயங்காலம் வீட்டுக்கே வருகிறது. பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் போட வேண்டும்.

முதல் கூட்டத்தில் நான் தயங்கி நின்றது ஞாபகம் இருக்கிறதா? வெறும் பக்கமாக இருக்கிறதே என்று மன்ற வாசலில் காத்திருந்த உங்களிடம் வந்து கேட்டேன். "வருகைப் பதிவுதான், போட்டுட்டு வா, பெருங்களத்தூர் பஸ் போயிடும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதிலிருந்து எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

தெருவில் பொங்கல் விழாவுக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
துர்கா


4.2.2007

அன்புள்ள துர்கா,

பொங்கல் பேச்சுக்கு நான் எழுதிக் கொடுத்தது பாதிதான். "தாங்கல்ல ஒரு லோடு மண்ணு கொட்டினாலும் என் பதவியத் தூக்கிப் போட்டுட்டு வந்துடுவேன்" என்றாயே, அது முழுக்க உன்னுடையது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டிருந்தது. பெருமையாக இருந்தது, துர்கா.

இன்று அதைத் தேதியோடு பலகையில் எழுதினேன். ஆட்டோ ஸ்டாண்டு தனசிங் வண்டியை நிறுத்தி உரக்க வாசித்தார். ஆனால் நீ பேசியதைத்தான் எழுத முடிகிறது, ஓட்டுப் போட்டதை எழுத என்னிடம் எதுவும் இல்லை. பலகை அந்தப் பாதியில் காலியாகவே கிடக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகல் எல்லாம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று தெரியும். இருந்தாலும் பொன்னியம்மாள் கூடையை இறக்கும்போது என் கண் முதலில் மீனைப் பார்ப்பதில்லை.

உன் அக்கா,
பியூலா


15.4.2007

துர்கா,

நகல்கள் நேற்று வந்தன. தீர்மானம் எண் 112, தேதி 27.2.2007. தாங்கல் ஏரியின் தெற்குக் கரையை ஒட்டி, புதிய மனைப்பிரிவுக்கு நாற்பதடிப் பாதை அமைக்க அனுமதி. "உறுப்பினர்கள் அனைவராலும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது." கீழே பதின்மூன்று கையெழுத்து. ஒன்பதாவது உன்னுடையது. 'கா'வின் காலைக் கீழே இழுத்து ஒரு சுழி போடுவாயே, அந்தச் சுழியும் இருக்கிறது.

பதினாறு பக்கத்தையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, வேறு யாராவது உன்னைப்போலவே கையெழுத்துப் போடுவார்களோ என்றுகூட யோசித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு எழுது. மே ஆறாம் தேதி முதல் ஞாயிறு. நீ என்ன சொல்கிறாயோ அதையும் சேர்த்துத்தான் பலகையில் எழுதுவேன்.

பியூலா அக்கா


29.4.2007

அக்கா,

நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இவர் புத்தகத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது, பெருக்கல் குறி மட்டும் இருந்தது. எப்போதும் போலப் போட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் அக்கா.

மனைப்பிரிவு இவருக்கும் இவர் அண்ணனுக்கும் பங்கு என்பது, மண் லாரி வந்த அன்றுதான் எனக்குத் தெரியும். கேட்டேன். "உன்ன கவுன்சிலர் ஆக்குனதே எதுக்குன்ற?" என்று கேட்டார்.

தெருவில் இறங்கி நடக்க முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். வருகிற மாதம் மட்டும் என் பெயரை எழுதாதீர்கள். நானே ஏதாவது செய்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாதா அக்கா? கால் பிடித்துக் கேட்கிறேன்.

துர்கா


7.5.2007

அன்புள்ள துர்கா,

எழுதிவிட்டேன். நீயே கேள்விப்பட்டிருப்பாய், ஆனாலும் என் கையால் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு மாதம்தானே என்றுதான் மனசு சொல்லிற்று. ஆனால் நகல் வந்தது தெரிந்ததும் ஏழாவது வார்டு உறுப்பினர் ஜெபராஜும் இதேபோல வந்து கெஞ்சினார். அவர் பெயரையும் எழுதினேன். தங்கையாக நினைத்தவள் என்பதற்காக உன் பெயரை விட்டால், நாளைக்கு அந்தப் பலகையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

உன்னைப் பற்றி மூன்று வரிதான். பொங்கல் அன்று நீ சொன்னது. பிப்ரவரியில் உன் கையெழுத்து எதற்கு விழுந்தது. மூன்றாவதாக, "வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம் என்று முதல் நாள் உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுத்தது: பியூலா, இந்த வீட்டுக்காரி."

சாயங்காலம் வரை கூட்டம். இன்று காலையில் பலகையில் தார் பூசியிருந்தது. தாரைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் அதே மூன்று வரியை எழுதினேன். கை எரிகிறது.

தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், ஒருவரும் வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை. நீ வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போ. வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை.

உன் அக்கா,
பியூலா


22.7.2007

அன்புள்ள துர்கா,

மே மாதக் கடிதத்துக்குப் பிறகு இது நான்காவது. முன் மூன்றையும் பொன்னியம்மாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். "அந்தம்மா வாங்க மாட்டேன்னுது. மீனும் வேணான்டுச்சு" என்றாள். உன்னால் அவள் வியாபாரமும் கெட்டது. அதனால் இதைத் தபாலில் போடுகிறேன்.

நியாயம் பேச இதை எழுதவில்லை. சின்னவளுக்குப் பிறந்தநாள் வருமே, பாவாடைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை. அதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பு.

பியூலா அக்கா


28.10.2007

மதிப்பிற்குரிய பியூலா அவர்களுக்கு,

26ஆம் தேதி நடந்த மன்றக் கூட்டத்துக்குப் போனேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தீர்மானம் எண் 139, தாங்கல் பாதையை இன்னும் இருநூறு அடி நீட்டுவது. முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். தலைமை எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். வாசித்தார்கள்.

"ஒருமனதாக" என்று எழுதும் முன் புத்தகத்தை வாங்கி என் கையால் எழுதினேன்: "எனக்கு உடன்பாடு இல்லை. தீர்மானம் 112இல் என் கையெழுத்து வெற்றுப் பக்கத்தில் வாங்கப்பட்டது. படிக்காமல் போட்டது என் தவறு." இப்படி எழுத விதியில்லை என்றார்கள். எழுதியாயிற்று, கிழித்தால் பக்க எண் குறையும் என்றேன். பன்னிரண்டுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறிவிட்டது. பாதை போடுவார்கள்.

பதவியைத் தூக்கிப் போடுவேன் என்று பொங்கலில் சொன்னதை நான் செய்யவில்லை. நான் போனால் அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்க அங்கே ஆள் இல்லை. அதையும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு படப்பையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட்டத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் வருவேன்.

நீங்கள் எழுதியது சரி. ஊரில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கால் பிடித்துக் கேட்டவளை அன்று ஒரு தடவை நேரில் வந்து பார்த்திருக்கலாம். உங்கள் கதவைத் தாழ் போடவில்லை என்று எழுதினீர்கள். நாலு தெரு நடந்து வர உங்களுக்குத் தோன்றவில்லை. அது எனக்கு ஆறவில்லை.

தீர்மான நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு மாதமும் நகல் தபாலில் வரும். கடிதம் வராது.

இப்படிக்கு,
மோ. துர்கா,
உறுப்பினர், ஒன்பதாவது வார்டு

பின்குறிப்பு: சின்னவளுக்கு இடுப்பு இருபத்திரண்டு, உயரம் இருபத்தாறு அங்குலம். மழை பிடித்துக்கொண்டது. பலகைக்கு மேல் ஒரு தகரம் அடித்துக்கொள்ளவும், எழுத்து அழிந்துவிடும்.